சுண்ணாம்புக் கிணறும் ஆர்கிட் சட்டிகளும்: சுங்கை சிப்புட் பண்ணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகருக்குத் தெற்கே, செம்மோருக்குப் போகும் பக்கத்தில், முன்பு பால்மரமும் இப்போது செம்பனையுமாக நிற்கும் ஒரு தோட்டத்தின் எல்லையை ஒட்டி, ஒரு குடும்பம் நடத்திவரும் சிறிய ஆர்கிட் பண்ணையைப் பற்றியது இந்த ஆய்வு. சுமார் இரண்டாயிரம் சட்டிகளில் டென்ட்ரோபியம் கலப்பினங்களும், கம்பிகளில் தொங்கும் சில வரிசை வாண்டா, மொக்காரா செடிகளும் அங்கே உள்ளன. பூக்கள் ஈப்போவின் பூக்கடைகளுக்கும், கோயில் அலங்காரம் செய்பவர்களுக்கும், திருமண மேடை போடுபவர்களுக்கும் போகின்றன. பண்ணையை நடத்தும் அம்மையார் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தம்பி அதே தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். உரம், மருந்து பற்றிய முடிவுகள் பெரும்பாலும் தம்பியுடையவை.

செடிகளுக்குச் சத்து போதவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன குறை. புதிதாக வரும் இலைகள் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருந்தன. புதுத் தண்டுகள் முந்திய ஆண்டுத் தண்டுகளைவிடக் குட்டையாக நின்றுவிட்டன. பூங்கொத்துகளில் பூக்கள் குறைந்தன. இதற்காக அவர்கள் ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி என்று போட்டுவந்த 20-20-20 உரத்தை (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றின் விழுக்காட்டைக் குறிக்கும் எண்கள் இவை) இரண்டு கரண்டியாக உயர்த்தியிருந்தார்கள். "செம்பனை மஞ்சளடிச்சா உரத்தக் கூட்டுவோம்க்கா, இதுவும் செடிதானே" என்பது தம்பி தம் அக்காவிடம் சொன்ன நியாயம். உரம் கூடியபின் மஞ்சள் குறையவில்லை. வேர்நுனிகள் பழுப்பாகிக் காய்ந்தது மட்டும்தான் நடந்தது.

வேரிலிருந்தும் ஓரத்து வரிசையிலிருந்தும்

ஆர்கிட் செடியைப் பார்க்கும்போது இலையைவிட வேர்தான் விரைவில் உண்மையைச் சொல்லும். டென்ட்ரோபியம், வாண்டா போன்றவை மரத்தில் ஒட்டி வாழும் இனங்களின் வழிவந்தவை. அவற்றின் வேரைச் சுற்றி வெலமென் எனப்படும் வெண்ணிறத் திசுப்படலம் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளையாகவும் நனைந்ததும் பச்சையாகவும் தெரியும் அந்தப் படலம், மழையின் முதல் துளிகளை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதற்காக அமைந்தது. நீரைப் பிடிக்கும் அதே வேகத்தில் அது நீரில் கரைந்திருக்கும் உப்பையும் பிடிக்கிறது. நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. நன்றாக வளரும் வேரின் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பளபளப்பான பச்சையாகவோ செவ்வூதாவாகவோ இருக்க வேண்டும். இந்தப் பண்ணையின் நடு வரிசைகளில் அப்படி ஒரு நுனியைக் கண்டுபிடிப்பதே அரிதாக இருந்தது.

ஆனால் கிழக்கு ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் வேறு மாதிரி இருந்தது. அங்கே கூரையின் பிளாஸ்டிக் விரிப்பு கிழிந்து, மழை நேராகச் சட்டிகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டிகளுக்கும் அதே உரம், அதே கிணற்று நீர். ஆனால் வேர்நுனிகள் பச்சையாக இருந்தன, இலைகளில் மஞ்சளும் குறைவு. கிழிசலைத் தைக்காமல் விட்டதற்காக அம்மையார் என்னிடம் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசினார். எனக்கு அந்தக் கிழிசல்தான் இந்த வழக்கின் முதல் சாட்சியாகப் பட்டது.

பிளாஸ்டிக் கூரை எப்போது போடப்பட்டது என்று விசாரித்தபோது கதை நேராகியது. பல ஆண்டுகளாகப் பண்ணையில் நிழல்வலை மட்டுமே இருந்தது. அக்டோபர், நவம்பர் மழையில் இதழ்களில் புள்ளி விழுந்து பூக்கள் விலை போகாமல் நின்றதால், முந்திய ஆண்டுதான் டென்ட்ரோபியம் பகுதிக்கு மட்டும் மேலே பிளாஸ்டிக் விரித்தார்கள். இதழ்ப்புள்ளி நின்றது. கூடவே, செடிகளை அதுவரை இலவசமாகக் கழுவிக்கொண்டிருந்த மழையும் நின்றது. வாண்டாவும் மொக்காராவும் இன்னும் திறந்த வலையின் கீழே, வேர்கள் வெறும் காற்றில் தொங்க நின்றதால் அவற்றுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. இலைகளில் வெள்ளைப் படிவு மட்டும் இருந்தது. கிணற்று நீர் பல ஆண்டுகளாக அதே நீர்தான் என்பதால் குடும்பத்தினர் அதன்மேல் சந்தேகப்படாததும் இயல்பே.

கிணற்று நீரை அளந்தது

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குன்றுகள் ஈப்போவைச் சுற்றியும் வடக்கே செம்மோர், கந்தான் வரையிலும் நிற்பதை நெடுஞ்சாலையில் போகும் எவரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கல் தரைக்கு மேலே தெரிகிற அளவோடு நிற்பதில்லை. வண்டல் மண்ணுக்கு அடியிலும் பரந்து கிடக்கிறது. மழைநீர் மண்ணில் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு கல்லின் வழியாக இறங்கும்போது சுண்ணாம்பைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துவருகிறது. பண்ணையின் குழாய்க் கிணறு அந்த நீரைத்தான் மேலே கொண்டுவந்தது. ஆற்று நீரைச் சுத்திகரித்து வரும் நகரக் குழாய் நீர் இதைவிட மிக மென்மையானது. ஆனால் மாதக் கட்டணத்தை எண்ணி அதைச் செடிகளுக்குப் பயன்படுத்தவில்லை.

பி.எச். காகிதத்தில் கிணற்று நீர் 7.5 அளவில் காட்டியது. பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திக்கொண்டு, நீர் நல்ல நீர்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பி.எச். என்பது அந்தக் கணத்தில் நீர் அமிலம், காரம் இரண்டில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும் (7 நடுநிலை); சட்டியின் அமிலத்தை எவ்வளவு தூரம் மாற்றக்கூடிய கையிருப்பு அந்த நீரில் இருக்கிறது என்பதைச் சொல்வது காரத்தன்மை. இதை அளக்க ஆய்வகம் தேவையில்லை. மீன்தொட்டிக் கடையில் விற்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி போதும்: ஐந்து மில்லி நீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாக மாறும்வரை எண்ண வேண்டும், ஒரு சொட்டு ஒரு டிகிரி, ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். கிணற்று நீர் பத்தாவது சொட்டில் நிறம் மாறியது. அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராம். ஒரு லிட்டர் நீர் முழுதும் ஆவியானால் அந்த அளவு சுண்ணாம்பு பின்னால் கிடக்கும். சட்டியில் வளரும் ஆர்கிட்டுக்கு 60-க்குள் இருந்தால் நிம்மதி, 100-ஐத் தாண்டினால் தொல்லை என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

நீரில் உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்துத்திறன் 0.4 மில்லிசீமன்ஸ் இருந்தது. இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். தம்பி வாங்கி வைத்திருந்த, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். பேனா 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) என்று காட்டியது, பக்கத்து வீட்டுக்காரருடையது அதே வாளியில் 280 என்று காட்டியது. ஒன்று கெட்டுவிட்டது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். இரண்டுமே சரிதான். இந்தப் பேனாக்கள் உப்பை எடை போடுவதில்லை. மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, ஒன்று 0.5 ஆலும் மற்றது 0.7 ஆலும் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே பி.பி.எம். கணக்கை விட்டுவிட்டு மில்லிசீமன்ஸ் அளவை மட்டும் குறித்துவைப்பதே வம்பில்லாத வழி. இன்னொன்று: யூரியா மின்னூட்டம் இல்லாத பொருள் என்பதால் இந்தப் பேனாவின் கண்ணில் அது படுவதே இல்லை. 30-10-10 போன்ற உரங்களில் நைட்ரஜனின் பெரும்பகுதி யூரியாவாக இருப்பதால், அளவி குறைவாகக் காட்டுகிறதே என்று உரத்தைக் கூட்டுபவர்கள் தெரியாமல் நைட்ரஜனை அள்ளிக் கொட்டிவிடுவார்கள்.

அடுத்தது சட்டியின் வடிநீர். வழக்கம்போல நீர் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, பிறகு மோட்டார் பட்டறைகளில் பேட்டரிக்கென்று விற்கும் வாலைவடிநீரை ஒரு குவளை ஊற்றி, கீழே சொட்டுவதைப் பிடித்து அளந்தோம். (அமிலம் கலந்த பேட்டரி நீரும் அதே அலமாரியில் இருக்கும், பெயரைப் படித்து வாங்க வேண்டும்.) நடு வரிசைச் சட்டிகளில் வடிநீர் 3 மில்லிசீமன்ஸைத் தொட்டது, பி.எச். 7.8. கிழிசலின் கீழிருந்த சட்டிகளில் அது 1-க்கும் கீழே.

சட்டிகளில் இரண்டு வகைப் படிவுகள் இருந்தன. இலையின்மேல் இருந்த வெள்ளைப் பூச்சைக் கத்தியால் சுரண்டி ஒரு கரண்டியில் போட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்துப் பொங்கியது, அது சுண்ணாம்பு. சட்டி விளிம்பிலும் கரித்துண்டுகளின் முகட்டிலும் இருந்த பழுப்புநிறப் பொருக்கு சாற்றுக்கு அசையவில்லை, வெந்நீரில் கரைந்து போனது. அது உர உப்பு. அம்மையார் அந்தக் கரண்டியைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். வீட்டுக் கெண்டியின் அடியில் இருப்பதும் இதுதானே என்று அவரே கேட்டார், அதுவேதான்.

மூன்று வரிசைச் சோதனை

கூரையும் நீரும் உரமும் ஒரே நேரத்தில் குற்றவாளிகளாக நின்றதால் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே இனம், ஒரே வயதுள்ள சட்டிகளில் மூன்று வரிசைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. முதல் வரிசைக்குக் கிணற்று நீரும் பழைய இரட்டிப்பு உரமும் தொடர்ந்தன. இரண்டாவதற்குக் கிணற்று நீர் மட்டும், உரம் இல்லை. மூன்றாவதற்கு மழைநீரும், லிட்டருக்கு அரை கிராம் உரமும். அரை கிராம் என்பது குத்துமதிப்பான எண் அல்ல: 20 விழுக்காடு நைட்ரஜன் உள்ள உரம் லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் 200 பி.பி.எம். நைட்ரஜன், அரை கிராம் என்றால் 100. குடும்பத்தினர் போட்டுவந்ததோ 400-க்கும் மேல்.

ஆறு வாரங்களில் முதல் வரிசையில் மாற்றமில்லை. இரண்டாவது வரிசையில் புது வேர்நுனிகள் வந்தன, ஆனால் புது இலைகள் முன்பு போலவே மஞ்சள். மூன்றாவதில் வேரும் வந்தது, இலையும் பச்சையாக விரியத் தொடங்கியது. இதன் பொருள் தெளிவு. வேரைக் கருக்கியது உரத்தின் உப்பு. இலையை மஞ்சளாக்கியது நீரின் சுண்ணாம்பு. சட்டியின் பி.எச். 7-ஐத் தாண்டியதும் இரும்பும் மாங்கனீசும் செடிக்கு எட்டாமல் போகின்றன. உரத்தில் இரும்பு இருந்தாலும், வழக்கமாக அதைத் தாங்கி நிற்கும் இ.டி.டி.ஏ. சேர்மம் 6.5-க்கு மேல் தன் பிடியைத் தளர்த்தி இரும்பை விட்டுவிடுகிறது. உரத்தை இரட்டிப்பாக்கியும் மஞ்சள் போகாததற்குக் காரணம் அதுவே.

சுண்ணாம்புப் பாறைகளிலேயே ஆர்கிட் முளைக்கிறதே என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. லங்காவியின் சுண்ணாம்புக்கல் தீவுகளில் பாபியோபெடிலம் நிவியம் என்ற வெள்ளைக் காலணி ஆர்கிட் கல்லிடுக்கிலேயே வளர்கிறது. ஆனால் அந்த இனம் சுண்ணாம்புக்குப் பழகியது. அதோடு அங்கேயும் அதன் வேரை நனைப்பது மழை. நம் சட்டிகளில் இருக்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்களின் மூதாதையர் மரக்கிளையில் வாழ்ந்தவை. பூத்துக் குலுங்கும் செடி ஒன்றைப் பார்த்து எல்லா ஆர்கிட்டுக்கும் அந்த விதியைப் பொருத்த முடியாது.

சமையலறைச் சத்துகள்

உரம் பலிக்காத நாட்களில் வேறு பலவும் முயலப்பட்டிருந்தன. இவை நம் ஊர்களில் பரவலாக நடப்பவை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அஜினோமோட்டோ கரைத்து ஊற்றினால் பூ கூடும் என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு உண்டு. அதில் சிறிது நைட்ரஜன் இருப்பது உண்மை. ஆனால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சோடியம். ஏற்கெனவே உப்பில் மூழ்கிய வேருக்கு இன்னும் உப்பு. இதை உடனே நிறுத்தச் சொன்னேன். பி1 வைட்டமின் புட்டி ஒன்றும் இருந்தது. முழுச் செடிக்குத் தேவையான பி1-ஐச் செடி தானே செய்துகொள்கிறது. அப்படிப்பட்ட புட்டிகள் வேர்விட உதவுவதாகத் தெரிந்தால், பெரும்பாலும் அதில் சேர்க்கப்பட்டிருக்கும் ஆக்சின் ஊக்கிதான் காரணம். இளநீர் விஷயத்தில் ஒரு பாதி உண்மை உண்டு: ஆர்கிட் விதைகளையும் திசுக்களையும் குடுவையில் வளர்க்கும் ஆய்வகங்கள் ஊடகத்தில் இளநீர் சேர்க்கின்றன, அதில் செல்கள் பிரிந்து பெருகத் தூண்டும் சைட்டோகைனின் இருக்கிறது. ஆனால் குடுவை கிருமி நீக்கப்பட்டது. திறந்த சட்டியில் இளநீர் ஊற்றினால் எறும்பும் பூஞ்சணமும்தான் முதலில் விருந்துக்கு வரும். அரிசி கழுவிய நீர் பெரிதாகக் கெடுக்காது, பெரிதாகக் கொடுக்கவும் செய்யாது. முட்டை ஓட்டுத் தூளை அம்மையார் கால்சியத்துக்காகப் போட்டிருந்தார். அமிலமில்லாத சட்டியில் அது கரையாமல் அப்படியே கிடந்தது, மேலும் அந்தச் சமயத்தில் செடிகளுக்குக் கால்சியம் தேவைக்கு மேலேயே கிடைத்துக்கொண்டிருந்தது.

மழைநீருக்கு மாறியபின்

பிளாஸ்டிக் கூரையைக் கழற்றினால் இதழ்ப்புள்ளி திரும்பும். அதனால் கூரையையே நீர் பிடிக்கும் பரப்பாக மாற்றினோம். ஒரு சதுர மீட்டரில் விழும் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். முந்நூறு சதுர மீட்டர் கூரையில் இருபது மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆறாயிரம் லிட்டர் வரை இறங்கும். 400 கேலன் கொள்ளும் இரண்டு தொட்டிகளை நிரப்ப அதுவே கூடுதல். முதல் சில நிமிட நீரைத் தனியே வெளியேற்றும் குழாய் வைக்கப்பட்டது. தொட்டி வாய்களுக்குக் கொசுவலை கட்டாயம்: 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரிகள் வந்து தொட்டியைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்கள். சட்டிகள் அனைத்தும் மழைநீரால் நன்றாகக் கழுவப்பட்டன. மிகவும் உப்பேறிய கரி அகற்றப்பட்டு புதுக் கரியும் தேங்காய் மட்டையும் போடப்பட்டன. கரி உப்பைச் சேர்த்துவைப்பதில் கெட்டிக்காரப் பொருள், கழுவினாலும் முழுதாக விடாது.

சில மாதங்கள் எல்லாம் நன்றாக நடந்தது. வேர் வந்தது, இலை பச்சையானது. பிறகு புதுத் தளிர்களின் நுனி கறுக்கத் தொடங்கியது.

குடும்பத்தினர் இதைக் கருப்பழுகல் நோய் என்று எண்ணிப் பூஞ்சைக்கொல்லி அடித்தார்கள்; பலன் இல்லை. வேறுபாட்டை உற்றுப் பார்த்தால் தெரியும். அழுகல் நோய் ஈரமாக, மெத்தென்று, மஞ்சள் ஓரத்தோடு சில நாட்களிலேயே தண்டுக்குள் இறங்கிவிடும். இங்கே கறுப்பு காய்ந்திருந்தது, இளைய இலையின் நுனியோடு நின்றது, மூத்த இலைகளில் அறவே இல்லை. கால்சியம் செடிக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகராத சத்து. வரத்து நின்றால் முதலில் அடிபடுவது தளிர்தான். கிணற்று நீரின் காரத்தன்மை பெரும்பாலும் கால்சியம் பைகார்பனேட்டால் ஆனது என்று கொண்டால் அது லிட்டருக்கு 70 மில்லிகிராம் அளவில் கால்சியத்தைக் கொடுத்துவந்தது. மழைநீரில் அது இல்லை. 20-20-20 மூட்டையிலும் இல்லை, ஏனென்றால் கால்சியமும் பாஸ்பேட்டும் ஒரே செறிவில் சேர்ந்தால் படிந்துவிடும் என்பதால் இத்தகைய உரங்களில் கால்சியம் வைப்பதில்லை. நீர் கெட்டது என்று ஒதுக்கியபோது, அந்த நீர் ஊட்டிக்கொண்டிருந்த உணவும் சேர்ந்து ஒதுங்கிவிட்டது.

இன்னொரு பக்கமும் இருந்தது. வடிநீரின் பி.எச். 5-க்கும் கீழே போயிருந்தது. அம்மோனியமும் யூரியாவும் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. கிணற்று நீரின் காரத்தன்மை அதுவரை அதை விழுங்கிவந்தது. மழைநீரில் அதைத் தடுக்க எதுவுமில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்கிட்டுகளுக்கென உருவான உரக் கலவையில் தூய நீருக்கு 13-3-15 என்றும் கிணற்று நீருக்கு 19-4-23 என்றும் இரண்டு வகை இருப்பதும், தூய நீர் வகையில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருப்பதும் இந்தக் காரணத்தால்தான். நீர் எதுவென்று தெரியாமல் உரத்தைச் சொல்ல முடியாது என்பதை மூட்டையிலேயே அச்சிட்டது போன்ற ஏற்பாடு அது.

தீர்வாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மழைநீரோடு ஒரு வாரம் கால்சியம் நைட்ரேட்டும் அடுத்த வாரம் வழக்கமான உரமும் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது. லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட் ஏறக்குறைய 78 பி.பி.எம். நைட்ரஜனும் 95 பி.பி.எம். கால்சியமும் தரும். மற்றது, இரண்டு பங்கு மழைநீரில் ஒரு பங்கு கிணற்று நீரைக் கலப்பது. காரத்தன்மை 60-க்கு இறங்கும், கால்சியம் 24 மில்லிகிராம் அளவில் காசில்லாமல் கிடைக்கும். குடும்பம் இரண்டாவதைத் தேர்ந்தது. நானும் அதையே சொல்லியிருப்பேன். மக்னீசியத்துக்காக மாதம் ஒருமுறை லிட்டருக்குக் கால் கிராம் எப்சம் உப்பு, அதுவும் தனி வாளியில். 20-20-20 லிட்டருக்கு அரை கிராமில் நிலைத்தது, வாரம் ஒருமுறை. மாதம் ஒருமுறை உரமில்லாமல் கலப்பு நீரால் மட்டும் சட்டி வழியக் கழுவல்.

கறுத்த நுனிகள் பச்சையாகவில்லை. அவை ஆகவும் போவதில்லை. அதன்பின் வந்த தளிர்கள் சுத்தமாக வந்தன, வடிநீர் 1 மில்லிசீமன்ஸுக்குக் கீழும் பி.எச். 6-ஐ ஒட்டியும் நிற்கிறது. தண்டுகள் பழைய உயரத்தை எட்டினவா என்பது இந்தத் தலைமுறைத் தண்டு முதிர்ந்து பூத்த பிறகே தெரியும்.

மீதமிருக்கும் சிக்கல் வறண்ட வாரங்கள். நாளுக்கு ஐந்நூறு லிட்டர் கணக்கில் பார்த்தால் அதில் முந்நூற்று முப்பது லிட்டர் மழைநீர். நிரம்பிய தொட்டிகள் பதினொரு நாள் தாங்கும். ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் அதைவிட நீண்ட இடைவெளி வரும். கிணற்று நீரை அமிலத்தால் நடுநிலையாக்கலாம் என்ற யோசனை வந்தது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தில் அமிலப் புட்டி வைக்க அம்மையார் ஒப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இப்போதைக்கு, தொட்டி பாதிக்குக் கீழே இறங்கினால் கலவை பாதிக்குப் பாதியாக மாறுகிறது. அந்த வாரங்களில் உரம் லிட்டருக்குக் கால் கிராமாகக் குறைக்கப்பட்டு, அடுத்த மழையில் தொட்டி நிறைந்ததும் முதல் வேலையாகச் சட்டிகள் கழுவப்படுகின்றன. மூன்றாவது தொட்டிக்கு அடித்தளம் போட தம்பி செங்கல் இறக்கியிருக்கிறார்.